வெந்நீர் விற்ற ஒராட்டா

கி.பி. 65. ரோமப் பேரரசர் நீரோவிடமிருந்து ஆணை வந்துவிட்டது: தத்துவ அறிஞர் செனெகா சாக வேண்டும். கிழவர் கை நரம்பை அறுத்துக்கொண்டார். அரைவயிறு சாப்பிட்டே வற்றிப்போன உடம்பு. ரத்தம் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. கால் நரம்பையும் அறுத்துப் பார்த்தாயிற்று. எப்போதோ தயாராக வாங்கி வைத்திருந்த விஷத்தைக் குடித்தார். அதுவும் வேலை செய்யவில்லை. கடைசியில் வெந்நீர்த் தொட்டியில் இறங்கினார். அருகில் நின்ற அடிமைகள் மேல் கொஞ்சம் நீரைத் தெளித்து, விடுதலை தரும் ஜூபிடருக்கு இது படையல் என்றார். பிறகு அவரைக் குளியலறைக்குத் தூக்கிப் போனார்கள். அங்கிருந்த நீராவியில் மூச்சு முட்டி உயிர் போயிற்று. இவ்வளவையும் எழுதி வைத்திருப்பவர் ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடஸ்.

அதற்கும் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் முன்னால் ஏதென்ஸில் தத்துவ அறிஞர் எபிகூரஸ் கிடந்த கிடையும் இப்படித்தான். சிறுநீரகக் கல் அடைத்து 14 நாள் வேதனை. வெதுவெதுப்பான நீர் நிரப்பிய வெண்கலத் தொட்டியில் இறங்கி உட்கார்ந்தார். தண்ணீர் கலக்காத திராட்சை மது கேட்டு வாங்கி ஒரே மடக்காகக் குடித்தார். என் போதனைகளை மறந்துவிடாதீர்கள் என்று நண்பர்களிடம் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். ஹெர்மிப்பஸ் சொன்னதாக டயோஜெனிஸ் லேர்ஷியஸ் பதிவு செய்திருக்கும் செய்தி இது.

எபிகூரஸ், இன்பமே வாழ்வின் குறிக்கோள் என்றவர். செனெகா, இன்பம் என்றாலே ஒரு எட்டுத் தள்ளி நிற்கச் சொன்ன ஸ்டோயிக் தத்துவவாதி. இருவரும் போய்ச் சேர்ந்தது வெந்நீர்த் தொட்டி வழியாக.

அமெரிக்கப் புறநகர் ஒன்றில் ஹாட் டப் என்ற வெந்நீர்த் தொட்டி விற்கும் கடையில் நின்று, வாங்கலாமா வேண்டாமா என்று தாடையைச் சொறிகிற மனிதர், தெரிந்தோ தெரியாமலோ இந்த இருவரின் வழக்கைத்தான் மறுபடி விசாரிக்கிறார். கடைக்காரரிடம் ஒரு பதில் எப்போதும் தயார்: இது செலவே இல்லை, உங்கள் உடம்புக்குச் செய்யும் முதலீடு. வீட்டில் காத்திருக்கும் பதில் வேறு: ஊர் உலகம் இருக்கிற இருப்பில் இந்த ஆடம்பரம் தேவையா? இரண்டுமே யோசிக்காமல் வாயில் வந்துவிடும் பதில்கள். ஓர் ஆசையை எதைக் கொண்டு அளப்பது என்ற கேள்வியை இரண்டுமே தொடுவதில்லை. வேடிக்கை என்னவென்றால், மேற்கத்தியத் தத்துவமும் கிறிஸ்தவத் துறவு மரபும் இந்தக் கேள்வியை அலசியபோது, அவற்றின் முன்னால் அடிக்கடி இருந்த பொருள் வெந்நீர்த் தொட்டியேதான்.

வெந்நீரைச் சொகுசாக விற்ற முதல் ஆள் என்று ரோமானியர்கள் கைகாட்டியது கயஸ் செர்ஜியஸ் ஒராட்டாவை. கிறிஸ்து பிறப்பதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன், நேப்பிள்ஸ் வளைகுடாவில் பையே என்ற கடலோர ஊரில் தொழில் செய்தவர். லுக்ரைன் ஏரியில் சிப்பி வளர்த்து விற்றார். சிப்பிக்கென்று படுகை அமைத்த முதல் மனிதர் அவரே என்கிறார் ரோமானிய எழுத்தாளர் பிளினி. தொங்கு குளியல் என்று ரோமானியர்கள் அழைத்த ஏற்பாட்டையும் அவர் கணக்கிலேயே எழுதினார்கள். தரையைச் சிறு தூண்களின் மேல் தூக்கிக் கட்டி, அடியில் அடுப்புச் சூட்டை ஓடவிடும் முறை என்று வழக்கமாக இதற்குப் பொருள் சொல்வார்கள். பொம்பெய் நகரின் பழைய குளியல் கூடங்களை ஆராய்ந்தவர்கள் சிலர் இதை ஏற்பதில்லை. சூடான தரை ஒராட்டாவுக்கு முன்பே இருந்தது, அவர் அமைத்தது மீன் தொட்டியாகக்கூட இருக்கலாம் என்பது அவர்கள் வாதம். எது எப்படியோ, அவருடைய வியாபார உத்தியில் யாருக்கும் சந்தேகமில்லை. கிராமத்து மாளிகையை வாங்குவார், அதில் குளியல் வசதியைச் சேர்ப்பார், கூடுதல் விலைக்குத் தள்ளிவிடுவார். இன்றைக்கும் அமெரிக்காவில் வீட்டு விளம்பரங்களில் ஹாட் டப் உண்டு என்று தனியாகக் குறிப்பிடுகிறார்கள். ஒராட்டா அதைப் படித்தால் புன்னகைப்பார்.

ஒராட்டாவின் பெயர் வழக்குகளிலும் அடிபட்டது. ஏரியின் பொதுத் தண்ணீரைச் சொந்த லாபத்துக்கு வளைத்துப்போட்டார் என்று ஒரு தகராறு. ஏரியிலிருந்து விரட்டினாலும் இவர் கூரை ஓட்டில் சிப்பியைக் கண்டுபிடித்துவிடுவார் என்று அப்போது வழக்கறிஞர் கிராசஸ் கிண்டலடித்தார். இன்னொரு வழக்கு அதைவிட ருசிகரம். ஒராட்டா ஒரு வீட்டை கிராட்டிடியானஸ் என்பவருக்கு விற்றார்; சில ஆண்டு கழித்து அதே வீட்டை அவரிடமிருந்தே திரும்ப வாங்கினார். வீட்டின் மேல் இருந்த ஒரு வில்லங்கத்தை விற்றவர் சொல்லவில்லை என்று நீதிமன்றத்துக்குப் போனார்கள். தெரிந்த குறையைச் சொல்லாமல் விற்றவர் நஷ்டஈடு தர வேண்டும் என்றது ஒராட்டா தரப்பு. தானே விற்ற வீட்டின் வில்லங்கம் ஒராட்டாவுக்குத் தெரியாதா என்று மடக்கியது எதிர்த் தரப்பு. ரோமானிய அறிஞர் சிசரோ இந்தக் கதையைச் சொல்வது, மனிதனின் கடமைகள் பற்றி எழுதிய நூலில்.

சிசரோ இவரை விடவில்லை. 'ஹோர்டென்ஸியஸ்' என்ற நூலில் ஒராட்டாவை ஓர் உதாரணமாக நிறுத்தினார். பணம் இருக்கிறது, உடம்பில் நோயில்லை, நண்பர்கள் சூழ இருக்கிறார்கள், நினைத்ததெல்லாம் நடந்தது. இவனிடம் இல்லாதது எது? அந்த நூல் இன்று கிடைப்பதில்லை. சிதறிய துண்டுகள்தான் மிச்சம். ஆனால் கார்த்தேஜில் படித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞன் 19 வயதில் அதைப் படித்துத் தடம் மாறினான். பின்னாளில் அவர் புனித அகஸ்தீனார்.

கி.பி. 386, நவம்பர் 13. அகஸ்தீனாரின் பிறந்தநாள். மிலானுக்கு வெளியே காசிசியாக்கும் என்ற இடத்தில், நண்பர் ஒருவரின் பண்ணை வீட்டில் தங்கியிருந்தார். தாய் மோனிக்கா, சகோதரர், மகன், இரண்டு மாணவர்கள், படிப்பு வாசனையே இல்லாத உறவுக்காரர் இருவர். மதியச் சாப்பாடு முடிந்தது, வெளியே மந்தாரம். எல்லோரையும் குளியலறைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தார். குளிப்பதற்காக இல்லை. ஒதுக்குப்புறமாக உட்கார்ந்து பேச அந்தப் பருவத்துக்குத் தோதான இடம் அதுதான். அங்கே தொடங்கியது மகிழ்ச்சியான வாழ்வு எது என்ற மூன்று நாள் உரையாடல். அதைத்தான் பிறகு சிறு நூலாக எழுதினார். மூன்றாம் நாள் மேகம் விலகி வெயில் அடிக்கவே, பக்கத்துப் புல்வெளிக்கு இடம் மாறினார்கள்.

ஒராட்டா பேச்சில் வந்தது அங்கேதான். எதுவும் குறையாத இந்த மனிதன் மகிழ்ச்சியாக இருந்தானா? இருப்பதெல்லாம் போய்விடுமோ என்ற பயம் இருந்திருக்குமே என்றான் மாணவன் லைசென்ஷியஸ். அப்படியானால், போகக்கூடியது போகும் என்று புரிந்துகொண்ட அறிவாளி அவன் என்று அகஸ்தீனார் இடைமறித்தார். பயத்தால் துன்பப்பட்டான், சரி. ஆனால் குறை ஏதும் இல்லையே? குறையில்லாமலும் ஒருவன் துன்பப்பட முடியுமா? சபை தடுமாறியது. மோனிக்கா அம்மையார் பேசினார். அவனிடம் வெள்ளியும் பொன்னும் இருந்தன, ஞானம் இல்லை. வெள்ளி இல்லாதவனை ஏழை என்கிறோமே, ஞானம் இல்லாதவனை ஏன் ஏழை என்று சொல்லக்கூடாது என்பது அவர் பேச்சின் சாரம். எல்லோரும் வியந்து கூவினார்கள். தத்துவ நூல்களிலிருந்து எடுத்து, கடைசியாகப் பரிமாறலாம் என்று தாம் பத்திரப்படுத்தி வைத்திருந்ததை அம்மா முந்திக்கொண்டார் என்று அகஸ்தீனாருக்கு ஒரே பெருமை.

அதற்கு மேல் அவர் சொன்னதில் இருக்கிறது விஷயம். ஞானம் என்பது மனத்தின் அளவு. அந்த அளவு இருந்தால் மனம் தேவைக்கு மேல் பொங்கி வழிவதும் இல்லை, நிறையாமல் சுருங்கிக் கிடப்பதும் இல்லை. குளியலறையில் தொடங்கிய பேச்சு என்பதாலோ என்னவோ, தொட்டியில் தண்ணீர் நிரப்புகிறவருக்குச் சொன்னதுபோலவே இருக்கிறது.

ஹாட் டப் பாவமா, புண்ணியமா என்று கேட்பதைவிட அதன் அளவென்ன என்று கேட்பது பயன் தரும். துறவு மரபே அப்படித்தான் கேட்டது. கிறிஸ்துவில் ஒருமுறை நீராடியவனுக்கு மறுபடி குளியல் தேவையில்லை என்று எழுதினார் புனித ஜெரோம். அது ஒரு முனை. அகஸ்தீனார் தம் கன்னியர் மடத்துக்கு எழுதிய கடிதம் வேறு தொனியில் இருக்கிறது. மாதம் ஒரு முறை குளியல். நோயாளிக்கு மருத்துவர் குளிக்கச் சொன்னால் முணுமுணுக்காமல் குளிக்க வேண்டும். அவளுக்கே இஷ்டமில்லாவிட்டாலும் சரி. ஆசைப்படுகிறவளுக்கு அது கெடுதல் என்றால் ஆசைக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் எழுதிய மட ஒழுங்கும் இதையே சொல்கிறது: நோயாளிகளுக்கு எப்போது வேண்டுமோ அப்போதெல்லாம் குளியல், நல்ல உடம்பு உள்ளவர்களுக்கு, அதிலும் இளைஞர்களுக்கு, அபூர்வமாக. மாதம் ஒரு குளியல் என்றால், கூழானாலும் குளித்துக் குடிக்கச் சொன்ன ஊரில் முகம் சுளிப்பார்கள். அது வேறு விஷயம். இங்கே கவனிக்க வேண்டியது, தண்ணீரின் சூட்டைப் பற்றி அவர்கள் பேசவே இல்லை என்பது. யாருடைய உடம்பு, எந்த நிலையில் என்று கேட்டார்கள்.

இதே கேள்வியை எபிகூரஸ் முன்பே ஒழுங்குபடுத்தியிருந்தார். ஆசைகளை மூன்றாகப் பிரித்தார். தாகத்துக்குத் தண்ணீர்போல, இயல்பாகவும் எழும், இல்லாவிட்டால் வலிக்கவும் செய்யும் ஆசை முதல் வகை. விலையுயர்ந்த உணவுபோல, இயல்பாக எழுந்தாலும் கிடைக்காவிட்டால் குடிமுழுகாத ஆசை இரண்டாவது. கிரீடமும் சிலையும் வேண்டும் என்பதுபோல, வெறும் எண்ணத்தில் முளைக்கும் ஆசை மூன்றாவது. வெந்நீர்த் தொட்டி இதில் எந்தப் பெட்டிக்குள் போகும்? எந்தப் பெட்டிக்குள்ளும் நிலையாக நிற்காது. ஜக்குஸி குடும்பத்தின் கதை அதற்குச் சாட்சி.

வடகிழக்கு இத்தாலியின் ஃபிரியூலி பகுதியிலிருந்து கலிபோர்னியாவின் பெர்க்லிக்குக் குடியேறிய ஏழு சகோதரர்கள் அவர்கள். முதலில் விமானத்துக்கு மரச் சுழல்விசிறி செய்தார்கள். பிறகு விமானமே கட்டினார்கள். 1921-இல் அவர்கள் விமானம் விழுந்து நொறுங்கியது. இறந்தவர்களில் ஒரு சகோதரரும் இருந்தார். குடும்பம் விமானத்தை விட்டது. கிணற்றுக்குப் பம்ப் செய்யும் தொழிலில் காலூன்றியது. கடைசித் தம்பி கான்டிடோவின் மகன் கென்னத்துக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே மூட்டுவாதம் வந்தது. மருத்துவமனையில் சுழல்நீர்ச் சிகிச்சை கொடுத்தால் பிள்ளைக்குக் கொஞ்சம் நிம்மதி. வீட்டுக்கு வந்தால் மறுபடி வலி. பம்ப் செய்கிறவர் வேறு என்ன செய்வார்? 1940-களின் இறுதியில், வீட்டுக் குளியல் தொட்டிக்குள் இறக்கி வைக்கிற மாதிரி ஒரு பம்பைச் செய்தார்.

இது எபிகூரஸின் முதல் வகை. வெண்கலத் தொட்டிக்குள் அவரே இறங்கிய நாளும் அப்படித்தான். வலியில் இருந்தவருக்கு அது சொகுசு இல்லை, நிவாரணம்.

1950-களில் அந்தப் பம்ப் ஜே-300 என்ற பெயரில் கடைக்கு வந்தது. 'ஒரு நாள் ராணி' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பெண்கள் தங்கள் கஷ்டத்தைச் சொல்வார்கள். யாருக்குக் கைதட்டல் அதிகமோ அவருக்குக் கிரீடமும் பரிசுகளும். அந்தப் பரிசுகளில் ஜக்குஸி பம்பும் ஒன்று. கிரீடத்தை மூன்றாவது வகைக்கு உதாரணமாகச் சொன்ன எபிகூரஸ் அன்று அந்த அரங்கில் இருந்திருக்க வேண்டும். 1968-இல் அடுத்த தலைமுறையைச் சேர்ந்த ராய் ஜக்குஸி, நீர்த்தாரையைத் தொட்டிக்குள்ளேயே பொருத்திய மாதிரியைக் கொண்டுவந்தார். அதற்கு வைத்த பெயர் 'ரோமன் பாத்'. ஒரு குழந்தையின் வலியில் தொடங்கிய பொருள், இருபது ஆண்டில் ஒராட்டாவின் கடைக்கே வந்து சேர்ந்துவிட்டது.

இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. இரண்டாவது வகை ஆசையை எபிகூரஸ் தடை செய்யவில்லை. கிடைத்தால் அனுபவி, கிடைக்காவிட்டால் அதற்காக அலையாதே என்றார். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. கடையில் போய் நிற்கிறவருக்குத் தன் ஆசை எந்த வகை என்று தெரிவதில்லை. தெரியாமல் இருப்பது விற்பவருக்கு வசதி. முதுகுவலி என்று சொல்லிக்கொண்டு உள்ளே போகிறவர், பக்கத்து வீட்டுக்காரர் வாங்கியதைவிடப் பெரியதாக ஒன்றைப் பதிவு செய்துவிட்டு வெளியே வருவார்.

செனெகா இங்கே என்ன சொல்வார் என்பது ஏறக்குறையத் தெரிந்ததுதான். ஹானிபாலைத் தோற்கடித்த ஸ்கிபியோ கடைசிக் காலத்தில் வாழ்ந்த லிடெர்னும் வீட்டில் தங்கி, அங்கிருந்து நண்பருக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்த மாவீரனின் குளியலறை குறுகல், இருட்டு. ஜன்னல் என்று பெயருக்கு, கல்சுவரில் கீறிவிட்டதுபோல் சில துளைகள். வயலில் உழைத்த வியர்வையைக் கழுவ அது போதுமாக இருந்தது. இப்போதோ நாள் முழுக்க வெயில் விழாத, தொட்டியில் கிடந்தபடியே வயலும் கடலும் தெரியாத குளியலறையை இருட்டுப் பொந்து என்கிறார்கள் என்று பொருமுகிறார். குளியலின் சூட்டைப் பார்த்தால், குற்றம் செய்த அடிமையைத் தண்டிக்கத்தான் உதவும் போலிருக்கிறது என்றும் ஒரு குத்து. இவ்வளவு காரமாக எழுதிவிட்டு, கடிதத்தின் பிற்பகுதியில் ஒலிவ மரத்தைப் பெயர்த்து நடுவது எப்படி என்று விவரிக்கத் தொடங்கிவிடுகிறார். மனிதர் அப்படி.

பழம்பெருமை பேசும் கிழவரின் எரிச்சல் அதில் பாதி. அவரே ரோமின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். தத்துவம் பேசிக்கொண்டே எப்படி இவ்வளவு சேர்த்தாய் என்று அவர் காலத்திலேயே கேட்டார்கள். ஆனால் வெந்நீர் விஷயத்தில் அவர் சொன்னபடியே நடந்தவர். இளமையில் அட்டலஸ் என்ற ஆசிரியரின் பேச்சைக் கேட்டு, வாழ்நாள் முழுக்கச் சிப்பியைத் தொடுவதில்லை, உடம்பை வேகவைக்கும் குளியலும் இல்லை என்று முடிவெடுத்தார். ஒராட்டா விற்ற இரண்டு சரக்கும் வேண்டாம்! ஜனவரி முதல் தேதி, 'கன்னி' என்று பெயர் பெற்ற ரோமக் கால்வாயின் குளிர்நீரில் குதிப்பது அவர் வழக்கமாக இருந்தது. வயதாக ஆக அதை விட்டு டைபர் ஆற்றுக்கு வந்தார். பிறகு வெயிலில் வைத்துச் சூடேறிய தொட்டி நீருக்கு. இதை அவரே சிரித்துக்கொண்டு எழுதுகிறார். கொள்கையை உடம்பின் வயதுக்குத் தக்கபடி தளர்த்திக்கொள்ளத் தெரிந்த ஆள். ஆயுள் முழுக்கத் தவிர்த்த குளியலே அவர் உயிரை வாங்கியது என்பது விதியின் விளையாட்டு.

லிடெர்னும் கடிதத்தில் அதிகம் பேர் கவனிக்காத ஒரு வரி உண்டு. பழைய ரோமில் குளியல் கூடங்களுக்குள் ஊர் அதிகாரிகளே நுழைந்து, சுத்தமாக இருக்கிறதா, சூடு உடம்புக்கு ஏற்றதாக இருக்கிறதா என்று பார்த்தார்கள் என்கிறார். கேட்டோ போன்ற பெரிய மனிதர்கள் தங்கள் கையாலேயே நீரின் பக்குவத்தைச் சோதித்தார்களாம். பொதுக் குளியலுக்குப் பொதுப் பொறுப்பு இருந்தது. வீட்டுத் தொட்டிக்கு அந்த அதிகாரி யார்? வாங்குகிறவரேதான்.

இது ஏதோ ஒழுக்கப் பேச்சுக்காகச் சொல்வதல்ல. 1999 பிப்ரவரியில் நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பெல் ஊரில் பெரிய மலர்க் கண்காட்சி நடந்தது. வீட்டு உபயோகப் பொருள்களுக்கென்று ஒரு கூடம். அங்கே வாடிக்கையாளர் பார்வைக்காக, குமிழி பறக்கச் சுழன்றுகொண்டிருந்தது ஒரு வெந்நீர்த் தொட்டி. அதில் லெஜியோனெல்லா கிருமி பெருகியிருந்தது. குமிழி உடையும்போது பறக்கும் நுண்திவலையோடு அதுவும் காற்றில் கலந்தது. தொட்டியில் யாரும் இறங்க வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் நின்றது போதும். குறைந்தது 32 பேர் நிமோனியாவில் இறந்தார்கள். 2019-இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு திருவிழாச் சந்தையிலும் காட்சிக்கு வைத்த தொட்டிகளைச் சுற்றி இதுவே நடந்தது. நால்வர் உயிர் போனது.

என் வீடு, என் தொட்டி, என் இன்பம், இதில் மற்றவருக்கு என்ன என்று கேட்பவர்களுக்கு இந்தக் காற்றுதான் பதில். தனி இன்பத்தின் எல்லை வேலியோடு நிற்பதில்லை. ஒழுக்கவாதிகள் இத்தனை நூற்றாண்டாகக் குளியலின் சொகுசைத் திட்டினார்கள். திட்ட வேண்டியது அலட்சியத்தை.

அதனால், வாங்குவதில் உள்ள தத்துவத்தை அளவுநாடாவோடு பார்ப்பது நல்லது. ஆறு பேர் உட்காரும் சராசரித் தொட்டி 1,500 லிட்டர் பிடிக்கும். தண்ணீரே ஒன்றரை டன். தொட்டியின் எடையையும் ஆறு உடம்பையும் சேர்த்தால் இரண்டேகால் டன்னைத் தாண்டும். மரப்பலகைத் தளத்தில் பொறியாளரைக் கேட்காமல் அதை வைப்பவர், ஞானம் இல்லாதவன் ஏழை என்ற மோனிக்கா அம்மையாரின் சொல்லுக்குப் புதிய உதாரணம் ஆவார். 15 டிகிரி குளிர்நீரை 40 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 44 யூனிட் மின்சாரம் வேண்டும். ஐந்தரை கிலோவாட் ஹீட்டருக்கு அது எட்டு மணி நேர வேலை. அதற்குப் பிறகு ஆகும் செலவு பெரும்பாலும் மூடியின் கையில் இருக்கிறது. வாங்குகிறவர்கள் நீர்த்தாரைத் துளைகளை எண்ணுவார்கள், விளக்கின் நிறத்தைப் பார்ப்பார்கள். மூடியைத் தூக்கிப் பார்ப்பவர் அபூர்வம். உள்ளே உள்ள நுரைப்பலகை வருடக்கணக்கில் நீராவியைக் குடித்துவிட்டால், ஒருவர் தூக்கிய மூடியை இருவர் தூக்க வேண்டிவரும். சூடும் அந்த வழியே போய்க்கொண்டிருக்கும்.

துளை எண்ணிக்கை விஷயத்தில் ஒராட்டாவின் வாரிசுகள் கெட்டிக்காரர்கள். நாற்பது, அறுபது என்று பலகையில் எழுதியிருக்கும். பம்ப் தள்ளும் நீரின் அளவு அதேதான் என்றால், துளை கூடக் கூட ஒவ்வொன்றிலும் வேகம் குறையும். படுத்துக்கொள்ளும் இருக்கை இன்னொரு கவர்ச்சி. கடையில் காய்ந்த தொட்டியில் அது சிம்மாசனம். நீர் நிரம்பியதும் குட்டையான ஆட்கள் மிதந்து மேலே வந்துவிடுவார்கள். இதனால்தான் நல்ல கடைகள் நீச்சலுடையோடு வந்து, நீர் நிரம்பிய தொட்டியில் உட்கார்ந்து பார்க்கச் சொல்கின்றன. பழைய தொட்டி வாங்குகிறவர் கிராட்டிடியானஸ் வழக்கை நினைத்துக்கொள்ளலாம்: சொல்லப்படாத வில்லங்கம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத குழாய்க்குள், வழவழப்பான பாசிப்படலமாக ஒட்டிக் கிடக்கும்.

தண்ணீரைப் பற்றி மார்கஸ் ஆரிலியஸுக்கு மயக்கம் எதுவும் இருக்கவில்லை. குளியல் என்றால் எண்ணெய், வியர்வை, அழுக்கு, கொழகொழத்த நீர் என்று சக்கரவர்த்தி தம் குறிப்பேட்டில் முகஞ்சுளித்து எழுதினார். இன்றைய தொட்டியிலும் உள்ளே போவது அதேதான். வித்தியாசம் குளோரின் மட்டும். சூடான, குமிழி பறக்கும் நீரில் குளோரின் சீக்கிரம் தீர்ந்து போகும். அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் சொல்லும் கணக்கு: குளோரின் பத்து லட்சத்தில் 3 பங்காவது, புரோமின் என்றால் 4, பிஹெச் 7.0-க்கும் 7.8-க்கும் இடையில்; சூடு 40 டிகிரிக்கு மேல் கூடாது. கேட்டோவின் கை செய்த வேலையை இன்று ஒரு சோதனைத் தாள் செய்கிறது. கர்ப்பிணிகளும் இதய நோயுள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. எபிகூரஸ் குடித்த மதுவும் வேண்டாம். அவருக்கு அது கடைசி நாள்.

இன்னொரு கேள்வி மிச்சம் இருக்கிறது: தொட்டியில் கூட யார்? ரோமானியர் சில்லறைக் காசுக்கு ஊரோடு சேர்ந்து குளித்தார்கள். கலிபோர்னியாவின் பிக் சர் கடற்கரைப் பாறைமேல், எஸெலன் பழங்குடியினர் நெடுங்காலம் பயன்படுத்திய வெந்நீர் ஊற்று ஒன்று உண்டு. 1962-இல் மைக்கேல் மர்ஃபியும் டிக் பிரைஸும் அங்கே எஸலன் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். உளவியலாளர் ஆபிரகாம் மாஸ்லோவும் தத்துவ எழுத்தாளர் ஆலன் வாட்ஸும் வந்து பேசிய இடம். ஏறக்குறைய அதே காலத்தில், சாண்டா பார்பரா பக்கம் பழைய மதுத் தொட்டிகளை வீட்டு முற்றத்தில் வைத்து வெந்நீர் ஊற்றி, நண்பர்களோடு இறங்கினார்கள். வீட்டு ஹாட் டப்புக்கு அமெரிக்காவில் மோகம் பிறந்தது இப்படிக் கூட்டமாகத்தான். காசிசியாக்கும் குளியலறையிலும் பெரிய சுகம் வெந்நீராக இருக்கவில்லை. ஆறு இருக்கைத் தொட்டி வாங்கி ஒருவர் மட்டும் உட்கார்ந்து கைபேசியைப் பார்ப்பது, மற்ற எல்லாச் செலவையும்விட வீண்.

துக்கத்துக்கு மருந்தாக வாங்குகிறவர்களுக்கு அகஸ்தீனாரின் அனுபவம் உதவலாம். காசிசியாக்கும் உரையாடல் நடந்த மறு ஆண்டே மோனிக்கா அம்மையார் ஓஸ்டியா துறைமுகத்தில் காலமானார். குளித்தால் மனப்பாரம் இறங்கும் என்று கேள்விப்பட்டிருந்த மகன் குளியலுக்குப் போனார். எந்த மாற்றமும் இல்லை. போனபோது இருந்த துக்கம் அப்படியே இருந்தது என்று எழுதுகிறார். பிறகு தூங்கினார். எழுந்தபோது கொஞ்சம் தணிந்திருந்தது.

ஆகவே தீர்ப்பு இதுதான். வலி இருந்தால், மருத்துவர் சரியென்றால், தயங்காமல் வாங்கலாம். வலியில்லை, வெறும் ஆசைதான் என்றாலும் வாங்கலாம். அதை ஆசை என்றே ஒப்புக்கொண்டு, வீட்டில் உண்மையில் எத்தனை பேர் இறங்குவார்களோ அந்த அளவில், கடன் வாங்காமல். வாரத்தில் சில முறை தண்ணீரைச் சோதிக்கவும், மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை தொட்டியைக் காலி செய்து தேய்த்துக் கழுவவும் மனமில்லாதவர் வாங்கவே வேண்டாம். பக்கத்தில் வெந்நீர்த் தொட்டி உள்ள உடற்பயிற்சிக் கூடம் ஒன்று இருக்கும், அங்கே சந்தா கட்டிக்கொள்ளுங்கள்.